பி.ஏ. வரலாறு படித்தால் வேலை கிடைக்குமா? வாய்ப்புகள் என்ன, சிக்கல்கள் என்ன? முழு விவரம்

"ஹிஸ்டரியா? அதைப் படிச்சு என்ன பண்ணப் போற?" பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை, பி.காம் கிடைக்கவில்லை, கடைசியில் பி.ஏ. வரலாறு என்று சேர்பவர்கள் ஒரு பக்கம். கீழடியைப் பார்த்து ஆசைப்பட்டு, முதல் விருப்பமாகவே வரலாற்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புக்கும் பதில் தெரிய வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும்?

தமிழ்நாட்டில் வரலாறு மற்றும் கலைப் பாடப் படிப்புகளின் நிலவரம் என்ன என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

கலைப் படிப்புகளுக்கு ஆளே இல்லையா?

பலர் நினைப்பதற்கு நேர்மாறான தகவல் இது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்வி ஆய்வறிக்கைப்படி, நாடு முழுவதும் இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களில் 34.2 சதவீதம் பேர் கலைப் பிரிவில்தான் இருக்கிறார்கள். அறிவியல் 14.8 சதவீதம், வணிகவியல் 13.3 சதவீதம், பொறியியல் மற்றும் தொழில்நுட்பம் 11.8 சதவீதம். அதாவது, இன்ஜினியரிங் படிப்பவர்களைப் போல கிட்டத்தட்ட 3 மடங்கு பேர் கலைப் பாடங்களைப் படிக்கிறார்கள்.

அதே அறிக்கையின்படி, தமிழ்நாட்டின் மொத்த உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. தேசிய சராசரி 28.4. இந்த இடைவெளிக்குப் பின்னால் அரசு கலைக் கல்லூரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டிலேயே முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு, பஸ் பாஸில் போய் வரக்கூடிய தூரத்தில், குறைந்த கட்டணத்தில் கிடைப்பது இந்தக் கல்லூரிகள்தான். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்டிலும் தொடங்கப்பட்டன.

ஆக, வரலாறு படிக்க ஆள் இருக்கிறார்கள். படித்து முடித்த பிறகு என்ன என்பதுதான் பிரச்சினை.

வரலாறு வகுப்பில் அப்படி என்ன சொல்லித் தருகிறார்கள்?

ஆண்டுகளை மனப்பாடம் செய்வதுதான் வரலாறு என்ற எண்ணம் பள்ளிக்கூடத்தில் இருந்து வருகிறது. கல்லூரி அளவில் பாடம் வேறு. எது ஆதாரம், அதை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று கேட்கப் பழக்குவதுதான் அங்கே முக்கியமான பயிற்சி.

உத்திரமேரூர் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 10-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. "அப்பவே நம்ம ஊர்ல தேர்தல் நடந்திருக்கு" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். குடவோலை முறை நடந்தது உண்மைதான். ஆனால் கல்வெட்டை முழுதாகப் படித்தால் இன்னும் சில விஷயங்கள் தெரியும். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. எல்லோரும் ஓட்டுப் போட்ட தேர்தல் இல்லை.

அதே கல்வெட்டில் இன்றைக்கும் ஆச்சரியப்பட வைக்கும் விதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும், அவர்களின் நெருங்கிய உறவினர்களும் மறுபடி தேர்வாக முடியாது. இரண்டையும் சேர்த்துப் படித்து, பெருமையையும் எல்லையையும் ஒரே நேரத்தில் புரிந்துகொள்வதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதையும் இப்படித்தான். நேரில் போய்ப் பார்த்தாலே நிழல் விழுவது தெரியும். ஆனாலும் அந்தக் கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. தவறான தகவல் ஒரு நொடியில் லட்சம் பேருக்குப் போகும் காலத்தில், "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கத் தெரிவது சின்ன விஷயம் இல்லை.

போட்டித் தேர்வுகளுக்கு உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் ஓரளவுக்குத்தான்.

யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வில் இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் முக்கியப் பகுதி. முதன்மைத் தேர்வில் பொது அறிவு முதல் தாளில் பண்பாடு, வரலாறு, சமூகம், புவியியல் வருகின்றன. விருப்பப் பாடமாக வரலாற்றை எடுத்தால் 2 தாள்களுக்கு 500 மதிப்பெண். நேர்முகத் தேர்வையும் சேர்த்து மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் இது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு.

டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுகளிலும் இந்திய வரலாறு, தேசிய இயக்கம், தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் ஆகியவை பாடத்திட்டத்தில் இருக்கின்றன. பி.ஏ. வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பகுதி ஏற்கெனவே பழகிய பாதை.

ஆனால் இந்தத் தேர்வுகளுக்கு எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். இன்ஜினியர், வேளாண் பட்டதாரி என எல்லோரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். கணிதத் திறன், அறிவியல், நடப்பு நிகழ்வுகளிலும் மதிப்பெண் எடுத்தாக வேண்டும். எனவே "ஹிஸ்டரி படிச்சா குரூப் தேர்வு ஈஸி" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பகுதியில் கை ஓங்கும், அவ்வளவுதான்.

ஆசிரியர் வேலை: வழி என்ன?

வரலாறு படித்தவர்களில் பெரும்பாலோர் மனதில் இருக்கும் முதல் வேலை இதுதான். இதில் 2 பாதைகள் உண்டு.

பட்டதாரி ஆசிரியர்: பி.ஏ. முடித்து பி.எட். படிக்க வேண்டும். பிறகு டெட் 2-ம் தாளில் தேர்ச்சி பெற வேண்டும். முன்பு டெட் பாஸ் செய்தால் போதும் என்ற நிலை இருந்தது. 2018-ல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு, டெட் என்பது தகுதி மட்டுமே. வேலைக்குத் தனியாக ஒரு நியமனத் தேர்வு எழுத வேண்டும்.

முதுநிலை ஆசிரியர்: எம்.ஏ. வரலாறு, பி.எட். முடித்தவர்கள் ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பி நடத்தும் தேர்வை எழுதலாம். பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கான வேலை இது.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. பட்டத்தின் பெயர். 'வரலாறு' என்று மட்டும் இல்லாமல், அதோடு சுற்றுலா, பாரம்பரியம் போன்ற வேறு துறைகளைச் சேர்த்துப் பெயர் வைத்த பட்டங்களும் இருக்கின்றன. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அந்தப் பட்டம் பி.ஏ. வரலாற்றுக்கு இணையானதா என்ற கேள்வி வரும். இணைத்தன்மை அரசாணை இருந்தால் சிக்கல் இல்லை. இல்லாவிட்டால், 3 ஆண்டு படித்து முடித்த பிறகு அலைய வேண்டி வரும். சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பேராசிரியர் கனவு: நெட், செட், ஜேஆர்எஃப்

கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆவதற்கு எம்.ஏ.வில் 55 சதவீத மதிப்பெண் அடிப்படைத் தகுதி. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. அதோடு நெட் அல்லது செட் தேர்ச்சி, அல்லது யுஜிசி விதிகளின்படி பெற்ற பிஎச்.டி. தேவை. எம்.ஃபில். படிப்பு யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளோடு நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே எம்.ஏ.வுக்கு அடுத்தது நேரடியாக பிஎச்.டி.தான்.

நெட் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் எடுத்தால் ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைக்கும். முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000. பிறகு சீனியர் ஃபெல்லோவாக உயர்ந்தால் ரூ.42,000. வீட்டு வாடகைப் படி தனி. வசதி இல்லாத குடும்பத்துப் பிள்ளை ஆராய்ச்சியில் நிலைக்க முடிகிறது என்றால் அதற்கு இந்தப் பணம் பெரிய காரணம். ஆனால் ஜேஆர்எஃப் பெற வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. குடும்பச் சூழலால் இடையில் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வருபவர்களுக்கு இந்த வரம்பு இடிக்கும்.

தேர்வுகளை நம்பி ஆண்டுகளைத் திட்டமிடுவதும் சுலபமில்லை. 2024 ஜூன் 18-ம் தேதி நடந்த யுஜிசி நெட் தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் 2024 ஜூனில் நடக்கவிருந்த செட் தேர்வு தள்ளிப்போய், 2025 மார்ச்சில்தான் நடந்தது. அரசு கலைக் கல்லூரிகளில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு டிஆர்பி 2024 மார்ச்சில் அறிவிப்பு வெளியிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 4-ம் தேதி நடப்பதாக இருந்த தேர்வும் தள்ளிவைக்கப்பட்டது.

கௌரவ விரிவுரையாளர்கள்: பெயரில் மட்டும் கௌரவமா?

நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாத கல்லூரிகளில் வகுப்புகளை ஓட்டுவது கௌரவ விரிவுரையாளர்கள்தான். நெட், பிஎச்.டி. எல்லாம் முடித்தவர்கள் இதில் உண்டு. ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதத்துக்கு அதிகபட்சம் ரூ.50,000 வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தமிழ்நாடு அரசு கல்லூரிகளில் ரூ.20,000 ஆக இருந்த தொகுப்பூதியம் பிறகு ரூ.25,000 ஆனது. இந்த வித்தியாசம் நீதிமன்றம் வரை போன விவகாரம்.

இது அவர்களின் சம்பளப் பிரச்சினையோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத ஆசிரியரால், மாணவர்களைக் களப்பயணம் கூட்டிப்போவதோ, நீண்ட கால ஆராய்ச்சி செய்வதோ கஷ்டம். அதன் பாதிப்பு நேராக வகுப்பறைக்கு வருகிறது.

பல்கலைக்கழகங்களின் நிதி நிலைமையும் கவலைக்குரியதாக இருக்கிறது. 1914-ல் இந்திய வரலாற்றுத் துறையைத் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், நீலகண்ட சாஸ்திரி போன்றவர்கள் பணியாற்றிய இடம். அதன் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை முடக்கியது. இப்படிப்பட்ட நெருக்கடி வரும்போது நூலகம், களப்பணி, ஆராய்ச்சி உதவி ஆகியவற்றில்தான் பெரும்பாலும் முதலில் கை வைப்பார்கள்.

கீழடி திறந்துவிட்ட கதவு

கடந்த 10 ஆண்டுகளில் வரலாற்றுப் படிப்பின் மீது இளைஞர்களின் கவனத்தைத் திருப்பியது கீழடி. சிவகங்கை மாவட்டத்தில் இந்தியத் தொல்லியல் துறை 2014-15-ல் தொடங்கிய அகழாய்வு அது. 4-ம் கட்டத்தில் இருந்து மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. அங்கே கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என 2019-ல் அறிவிக்கப்பட்டது. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-ம் தேதி திறக்கப்பட்டது.

அடுத்தடுத்து சிவகளை, கொற்கை, மயிலாடும்பாறை, வெம்பக்கோட்டை, பொற்பனைக்கோட்டை, துலுக்கர்பட்டி, கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேடு என அகழாய்வுகள் நடந்தன. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று சொல்லும் 'இரும்பின் தொன்மை' அறிக்கை 2025 ஜனவரியில் வெளியானது. அதே மாதம், சிந்துவெளி எழுத்துகளின் புதிரைத் தீர்ப்பவர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசு தரப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது.

அப்படியென்றால் தொல்லியலில் வேலை நிறைய இருக்கிறதா? இங்கேதான் நிதானம் தேவை. தொல்லியல் அலுவலர், கல்வெட்டு ஆய்வாளர், அருங்காட்சியகக் காப்பாட்சியர் போன்ற பணியிடங்கள் எண்ணிக்கையில் குறைவு. அறிவிப்பும் ஆண்டுதோறும் வருவதில்லை. மத்தியத் தொல்லியல் துறை 2020-ல் திருச்சியைத் தனி வட்டமாக அறிவித்தது ஒரு முன்னேற்றம்.

பி.ஏ. வரலாறு மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் துறைக்குள் போவது கடினம். தொல்லியலில் முதுநிலைப் பட்டமோ பட்டயமோ தேவைப்படும். மாநிலத் தொல்லியல் துறை தொல்லியல், கல்வெட்டியல் முதுநிலைப் பட்டயப் படிப்பை உதவித்தொகையுடன் நடத்துகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றிலும் தொல்லியல் சார்ந்த படிப்பும் ஆய்வும் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் தொல்லியல் நிறுவனம் கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. 2020-ல் அதன் சேர்க்கை அறிவிப்பில் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. தமிழ் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே தமிழும் சேர்க்கப்பட்டது.

யாரும் படிக்காத கையெழுத்துகள்

இந்தத் துறையில் ஒரு வினோதம் உண்டு. வேலை குறைவு என்கிறோம். ஆனால் செய்து முடிக்க ஆள் இல்லாத வேலை மலைபோல் கிடக்கிறது.

சென்னை எழும்பூரில் உள்ள மாநில ஆவணக் காப்பகம் 1909-ல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸாகத் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துப் பதிவுகளோடு டச்சு ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. தஞ்சை மராட்டியர் காலத்து ஆவணங்கள் மோடி எழுத்தில் இருக்கின்றன. அந்த எழுத்தைச் சரளமாகப் படிப்பவர்கள் இன்று மிகச் சிலர். தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் படிக்கத் தெரிந்தவர்களின் தேவையும் அப்படித்தான்.

மைசூரில் உள்ள மத்தியக் கல்வெட்டுப் பிரிவில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-ல் உத்தரவிட்டது. மைப்படி என்பது கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி, மை தடவி எடுக்கும் நகல். எடுத்த தாள் நாளாக ஆக நொறுங்கும். கல்லும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. கோயில் திருப்பணியில் சாந்து பூசி மறைந்த எழுத்துகள் எத்தனையோ. படிக்கப்படாமல் போகும் ஒவ்வொரு வரியும் ஓர் ஊரின் நிலம், நீர், வரி பற்றிய பதிவு. அதைத் திரும்ப எழுதித் தர யாராலும் முடியாது.

எனவே, பட்டத்தோடு ஒரு பழைய எழுத்தோ, ஒரு பழைய மொழியோ கற்றுக்கொண்டவர்களுக்குக் கூட்டம் குறைந்த பாதை ஒன்று இருக்கிறது.

தமிழ் வழியில் படித்தால் நன்மையா, தடையா?

இரண்டும்தான். தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பள்ளி முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம்.

ஆனால் யுஜிசி நெட் வரலாற்றுத் தாளின் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. தமிழில் எம்.ஏ. முடித்த மாணவர் சோழர்களைப் பற்றிய கேள்விக்குக்கூட அந்த 2 மொழிகளில் ஒன்றில்தான் பதில் கண்டுபிடிக்க வேண்டும். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1930-களில் ஆங்கிலத்தில்தான் வெளியானது. கல்வெட்டு ஆண்டறிக்கைகளும் ஆங்கிலத்தில்தான். நல்ல ஆய்வு நூல்கள் தமிழுக்கு வரும் வேகம் போதவில்லை. தமிழில் சிந்தித்து, ஆங்கிலத்தில் வாசித்து, மறுபடி தமிழில் எழுதும் சுமை மாணவர் தலையில் விழுகிறது. கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஆங்கில வாசிப்பைப் பழகிக்கொண்டால் இந்தத் தடையை ஓரளவு தாண்டலாம்.

வரலாறு ஏன் எப்போதும் சர்ச்சையாகிறது?

பாடப்புத்தகத்தில் இருந்து தொடங்கி அகழாய்வுக் குழி வரை வரலாறு அரசியலோடு உரசிக்கொண்டே இருக்கிறது. 2023-ல் என்சிஇஆர்டி 12-ம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் முகலாய அரசவைகள் பற்றிய அத்தியாயம் நீக்கப்பட்டது. கீழடி முதல் 2 கட்ட அகழாய்வு பற்றி அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் தாக்கல் செய்த அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை கேட்டது. காலக்கணிப்பை ஆதாரத்தோடு செய்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்தார்.

இந்த விவாதங்களில் யார் பக்கம் சரி என்பதை மேடைப் பேச்சை வைத்து முடிவு செய்ய முடியாது. மண்ணடுக்கு, கரிமக் காலக்கணிப்பு, பானை ஓட்டு எழுத்து ஆகியவற்றைப் படித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்களை உருவாக்கும் வகுப்பறைகள் காலியானால், பழங்காலத்தைப் பற்றி யார் சத்தமாகச் சொல்கிறார்களோ அதுவே வரலாறு ஆகிவிடும்.

அரசு வேலையைத் தாண்டி என்ன இருக்கிறது?

சுற்றுலா: மாமல்லபுரம், தஞ்சை, மதுரை, செட்டிநாடு என்று வரும் பயணிகளுக்கு, ஆதாரத்தோடு கதை சொல்லத் தெரிந்த வழிகாட்டிகள் தேவை. மத்தியச் சுற்றுலா அமைச்சகம் ஆன்லைனில் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. சீசனைப் பொறுத்து வருமானம் ஏறி இறங்கும்.

ஊடகம்: யூடியூப் சேனல், பாட்காஸ்ட், ஆவணப்படம், வெப் சீரிஸ் என வரலாற்று உள்ளடக்கத்துக்குப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். தகவல் சரிபார்ப்பு, ஸ்கிரிப்ட் ஆராய்ச்சி ஆகியவற்றில் வரலாற்றுப் பயிற்சி கைகொடுக்கும்.

டிஜிட்டல் காப்பகம்: தமிழ் இணையக் கல்விக்கழகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை பழைய நூல்களையும் ஆவணங்களையும் மின்னாக்கம் செய்து பாதுகாக்கின்றன. பட்டியலிடுதல், எழுத்துணரி, தரவுத்தளம் பற்றிய அறிவு இருந்தால் இங்கே இடம் உண்டு.

சட்டம், நூலக அறிவியல், சமூகப் பணி, இதழியல் ஆகியவற்றில் மேற்படிப்புக்கும் பி.ஏ. வரலாறு நல்ல அடித்தளம்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. பட்டத்தின் சரியான பெயர் என்ன? வேறு பெயராக இருந்தால் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா?

2. துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்?

3. ஆண்டுக்கு ஒருமுறையாவது அகழாய்வுத் தளம், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகத்துக்குக் களப்பயணம் உண்டா?

4. கல்வெட்டியல், தொல்லியல் பாடங்கள் உண்டா? வெறும் விருப்பப் பாடமா, கட்டாயமா?

5. தமிழ் வழியா, ஆங்கில வழியா? அதற்கான சான்றிதழை எப்போது, யாரிடம் வாங்க வேண்டும்?

6. படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? சீனியர்கள் 2 பேரிடம் நேரில் கேட்டாலே பாதி விவரம் தெரிந்துவிடும்.

இறுதியாக

பி.ஏ. வரலாறு படித்தவுடன் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பட்டத்தோடு பி.எட்., நெட், தொல்லியல் பட்டயம், பழைய எழுத்துப் பயிற்சி, கணினித் திறன் என்று இன்னொன்றைச் சேர்த்துக்கொள்பவர்களுக்கு வழிகள் திறக்கின்றன. எதைச் சேர்ப்பது என்பதை 2-ம் ஆண்டு முடிவதற்குள் தீர்மானிப்பது நல்லது. பிஎச்.டி. வரை போக நினைப்பவர்கள், வீட்டில் எத்தனை ஆண்டு வருமானம் இல்லாமல் சமாளிக்க முடியும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் களத்தில் இறங்கலாம்.